வேரியோ தவறாகக் காட்டும்போது: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

பாராகிளைடரிலும் ஹேங்கிளைடரிலும் பறப்பவர்கள் எதிரே பொருத்திக்கொள்ளும் மின்னணுக் கருவியை நாம் எல்லோரும் வேரியோ என்றே அழைக்கிறோம். உண்மையில் அது ஒரு பெட்டிக்குள் குடியிருக்கும் மூன்று கருவிகள். காற்றழுத்த உணரி உயரத்தையும், ஏறும் அல்லது இறங்கும் வேகத்தையும் தருகிறது. செயற்கைக்கோள் ஏற்பி இருப்பிடத்தையும் தரைவேகத்தையும் நேரத்தையும் தருகிறது. இவற்றைக் கொண்டு மிதவை விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகிறோம் என்பது), காற்றின் திசை, அடுத்த இலக்கை எந்த உயரத்தில் அடைவோம் என்பன போன்றவற்றை ஒரு சிறு கணினி கணக்கிடுகிறது. ஆகவே திரையில் ஓர் எண் பிசகினால், கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், அந்த எண் இம்மூன்றில் எதிலிருந்து வந்தது என்று பார்ப்பதே முதல் வேலை. பழுது என்று என்னிடம் காட்டப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவற்றில் பழுது ஏதும் இருந்ததில்லை; அமைப்பில் ஒரு தேர்வு மாறியிருந்தது, அல்லது எண்ணைப் படித்தவர் அது சொல்லாத ஒன்றை அதில் படித்திருந்தார்.

எடுத்துக்காட்டுகளுக்கு இமாசலப் பிரதேசத்தின் பீர், பில்லிங் பகுதியையே எடுத்துக்கொள்கிறேன். பில்லிங்கின் புறப்பாட்டுத் தளம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திலும், பீர் ஊரை ஒட்டிய இறங்குதளம் அதற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழேயும் இருப்பதால் கணக்கு எளிது. கீழே சொல்லப்படும் சரிபார்ப்புகள் எல்லாம் தரையில் நின்று செய்ய வேண்டியவை. பறக்கும்போது கருவி மௌனமானால் அதை அப்படியே விட்டுவிட்டு, கண்ணையும் உடலையும் நம்பிப் பறந்து இறங்குங்கள். கூட்டமான தெர்மலுக்குள், அதாவது நம்மை மேலேற்றும் சூடான காற்றோட்டத்துக்குள், தலையைக் குனிந்து பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பவரைவிட ஆபத்தானவர் அங்கே வேறு யாரும் இல்லை.

கருவி இயங்கவே இல்லை, அல்லது பறக்கும்போது அணைந்துவிடுகிறது

இமாசலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை இருப்பதால், பலருடைய கருவிகள் இரண்டு மாதங்களுக்கு மேல் பைக்குள்ளேயே கிடக்கின்றன. முழுதாகத் தீர்ந்த நிலையில் அப்படிக் கிடக்கும் லித்தியம் மின்கலம், மின்னூட்டியைச் செருகியவுடன் உயிர்பெறுவதில்லை; அரை மணி நேரம் செருகியபடியே விட்டுப் பாருங்கள். அடுத்த பருவத்திலிருந்து பாதி மின்னூட்டத்துடன் வைத்துவிட்டுப் போங்கள்.

மின்னூட்டியே வேலை செய்யாதது போலத் தோன்றினால் கம்பியைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பி-சி துளை கொண்ட சில கருவிகளில், எதிர்முனையிலிருக்கும் மின்னூட்டிக்குத் தன்னை அறிவிக்கும் மின்தடைகள் வைக்கப்படுவதில்லை. இரு முனையும் யூஎஸ்பி-சி ஆக இருக்கும் கம்பியைச் செருகினால் புதுவகை மின்னூட்டி அவற்றுக்கு மின்சாரமே தராது. ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி-ஏ ஆக இருக்கும் கம்பியைப் பயன்படுத்தினால் பிரச்சினை தீர்ந்துவிடும். திரை உறைந்து எந்தப் பொத்தானுக்கும் அசையாமல் நின்றால், பெரும்பாலான கருவிகளில் மின்பொத்தானைப் பத்துப் பதினைந்து நொடிகள் விடாமல் அழுத்தினால் மறுதொடக்கம் ஆகும்.

தரையில் 60 விழுக்காடு காட்டிய கருவி 4,000 மீட்டரில் அணைந்துபோய், கீழே வந்ததும் மீண்டும் 45 விழுக்காடு என்று எழுந்து நிற்பது குளிரின் வேலை. குளிரில் மின்கலத்தின் உள்தடை கூடுவதால், மின்சாரம் உள்ளே இருந்தும் மின்னழுத்தம் சரிகிறது. ஒரு முறை நடந்தால் கவலை வேண்டாம். இதமான நாளிலும் நடந்தால் மின்கலம் முதுமையடைந்துவிட்டது என்று பொருள். மேலே பவர் பேங்கை இணைத்து ஓட்டலாம் என்றாலும், மின்கலத்தின் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே இருக்கும்போது அதில் மின்னேற்றினால் அது நிலையாகக் கெடும். எனவே இணைப்பதானால் புறப்பாட்டுத் தளத்திலேயே இணைத்து, கருவி குளிராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் நிற்கும்போதே பீப் ஒலி எழுப்புகிறது

இது பழுதன்று. கடல்மட்டத்துக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் என்பது ஏறத்தாழ 8.3 மீட்டர் உயரத்துக்கும், பில்லிங்கின் உயரத்தில் ஏறத்தாழ 10.5 மீட்டருக்கும் சமம். இன்றைய உணரிகள் 10 சென்டிமீட்டர் அளவிலான மாற்றத்தையே உணர்பவை. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு காற்றுவீச்சு கருவியின் துளைமேல் நேராக மோதினால், அதன் அழுத்தம் மட்டுமே ஏறத்தாழ 5 மீட்டர் உயர மாற்றமாகத் தெரியக்கூடும். காரின் கதவைச் சாத்தினாலும் ஒலிக்கும். பறக்கத் தொடங்கும் வரை ஒலியை அடக்கிவைக்கும் தேர்வு பல கருவிகளில் உண்டு, அதை இயக்கிவிடலாம். பறக்கும்போதும் இதே கிறுக்கு ஒலி தொடர்ந்தால், கருவியின் அழுத்தத் துளை காற்றை எதிர்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கருவிகளைப் பொருத்த மடிக்கு முன்னே மாட்டும் காக்பிட் பையின் மடிப்புக்குள் அல்லது கருவியின் பின்புறம் காற்று அடிக்காத பக்கமாக அது இருக்க வேண்டும்.

மிகக் குறைவானோர் அறிந்த இன்னொரு காரணம் வெயில். சில அழுத்த உணரிகள் ஒளியாலும் தூண்டப்படுபவை. கருவியின் துளை வழியாகச் சூரிய ஒளி நேராக உணரிமேல் விழும் கோணத்தில் உயரம் தாவித் தாவி ஆடும். கையால் நிழல் கொடுத்தவுடன் அடங்கும். அப்படி அடங்கினால், ஒளியைத் தடுத்துக் காற்றை விடும் மெல்லிய நுரைப்பஞ்சு உள்ளே தன் இடத்திலிருந்து விலகியிருக்கிறது என்று பொருள்.

ஏறும்போது ஒலிக்கவில்லை, தாமதமாக ஒலிக்கிறது, அல்லது ஓயாமல் முனகுகிறது

முதலில் உணரி வேலை செய்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கருவியை ஒலி இயங்கும் நிலையில் வைத்து, பூட்டுப்பட்டை கொண்ட ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நிறையக் காற்றுடன் அடைத்து மூடுங்கள். பையை மெதுவாக அழுத்தினால் உள்ளே அழுத்தம் கூடுவதால் இறங்கும் ஒலி வர வேண்டும். கையை எடுத்தால் ஏறும் ஒலி வர வேண்டும். இரண்டும் வந்தால் உணரி நலமாக இருக்கிறது, குறை அமைப்பில்தான். எதுவுமே வராமல் உயரம் கல்போல நின்றால், மழையிலோ வியர்வையிலோ நனைந்து துளை அடைபட்டிருக்கலாம். ஊசியால் குத்துவதும் காற்றுப் பம்பால் ஊதுவதும் உணரியைக் கொன்றுவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் ஒரு டப்பாவில் ஓரிரு நாள் மூடிவைத்துப் பார்ப்பது நல்லது.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் வடிகட்டி அமைப்பு. மூன்று நான்கு நொடிகளைச் சராசரியாக்கச் சொல்லிவிட்டால், நாம் தெர்மலின் மையத்தைக் கடந்த பிறகே கருவி பாடத் தொடங்கும். இயல்பான வேகத்தில் பறக்கும் பாராகிளைடர் அந்த மூன்று நொடியில் 30 மீட்டர் கடந்திருக்கும். ஒலிக்கான வடிகட்டலை ஒரு நொடி அளவிலும், முழுச் சுற்றுக்குரிய ஏறுவேகத்தைக் காட்டும் சராசரியை 20 முதல் 30 நொடி வரையிலும் வைப்பதே என் பழக்கம். இவை இரண்டும் வெவ்வேறு அமைப்புகள். பெயர்கள் ஒத்திருப்பதால் ஒன்றை மாற்றுவதாக எண்ணி மற்றொன்றை மாற்றிவிடுகிறோம். கைப்பேசிச் செயலியை மட்டும் நம்பிப் பறப்பவர்கள், தங்கள் கைப்பேசியில் அழுத்த உணரி உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாத கைப்பேசி செயற்கைக்கோள் உயரத்தைக் கொண்டே ஏற்ற இறக்கத்தைக் கணிப்பதால், அதனால் எந்த வடிகட்டி அமைப்பிலும் தெர்மலுக்கு உதவ முடியாது.

ஓயாத முனகலுக்குக் காரணம் இறங்கும் ஒலியின் வரம்பு. அமைதியான காற்றில் பாராகிளைடர் நொடிக்கு 1 முதல் 1.2 மீட்டர் வரை இறங்குவது இயல்பு. வரம்பை 1 மீட்டரில் வைத்தால் கருவி நாள் முழுதும் அழும். 2.5 அல்லது 3 மீட்டரில் வைத்தால், உண்மையில் மோசமான இறங்குகாற்றில் மட்டும் எச்சரிக்கும்.

வேகத்தைக் கூட்டக் காலால் மிதிக்கும் வேகப்பட்டையை விடுவிக்கும் நொடியில் கேட்கும் இனிய ஏறும் ஒலி தெர்மலன்று. வேகம் உயரமாக மாறியதன் ஒலி அது. புதிதாகப் பறப்பவர்கள் அந்த இடத்திலேயே திரும்பிச் சுற்றத் தொடங்கி ஏமாறுவதுண்டு.

உயரம் தவறாகக் காட்டுகிறது

கேள்விகளில் பாதி இந்தத் தலைப்பின் கீழ் வருகின்றன; குழப்பத்துக்கும் நியாயம் உண்டு, ஏனெனில் கருவியில் மூன்று உயரங்கள் இருக்கலாம், மூன்றும் சரியாகவே இருந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

நேற்று மாலை சரியாக இருந்த உயரம் இன்று காலை 40 மீட்டர் மாறியிருந்தால், இரவில் வானிலை மாறி அழுத்தம் நான்கு ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் புறப்பாட்டுத் தளத்தில் அதன் உயரத்தைக் கருவியில் உள்ளிட வேண்டும். செயற்கைக்கோள் உயரத்தைக் கொண்டு இதைத் தானே சரிசெய்துகொள்ளும் தேர்வு இருந்தால், ஏற்பி நன்கு நிலைபெற்ற பிறகே அதைச் செய்ய விடுங்கள்.

புறப்பாட்டில் சரியாக அமைத்த உயரம் இறங்குதளத்தில் பிசகுவதே பலரையும் திகைக்கச் செய்வது. கருவி அழுத்தத்தை உயரமாக மாற்றுவதற்குச் சர்வதேசச் செந்தர வளிமண்டலத்தைப் பயன்படுத்துகிறது: கடல்மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கல், 15 பாகை செல்சியஸ், ஒரு கிலோமீட்டருக்கு 6.5 பாகை வெப்பக் குறைவு. அந்தக் கணக்கின்படி பில்லிங்கில் ஏறத்தாழ 0 பாகை இருக்க வேண்டும்; அக்டோபர் நண்பகலில் அங்கே நிற்பவர் யாரும் அதை நம்பமாட்டார். சூடான காற்று விரிந்து லேசாக இருப்பதால், ஒரே அழுத்த வேறுபாட்டுக்கு அதிக உயரம் இறங்க வேண்டியிருக்கிறது; கருவியோ குறைவாக இறங்கியதாகவே எண்ணுகிறது. செந்தரத்தைவிட 10 பாகை வெப்பம் கூடினால் பிழை ஏறத்தாழ 4 விழுக்காடு. 17 பாகை கூடிய நாளில் பில்லிங்கிலிருந்து 1,000 மீட்டர் இறங்கியவரின் கருவி ஏறத்தாழ 940 மீட்டரே இறங்கியதாகக் காட்டும். அதாவது காலடியில் புல் இருக்கும்போது கருவி இன்னும் 60 மீட்டர் உயரம் மீதமிருப்பதாகச் சொல்லும். இறங்கும் சுற்றுகளை எண்ணைப் பார்த்துத் தொடங்கும் பழக்கம் உள்ளவருக்கு இந்த 60 மீட்டர் சிறிதன்று. இதே காரணத்தால், புறப்பாட்டுக்கு மேலே ஏற ஏற அழுத்த உயரம் செயற்கைக்கோள் உயரத்தைவிடக் குறைந்துகொண்டே போகும். இதற்கு நீக்க வேண்டிய பிழை ஏதும் இல்லை.

செயற்கைக்கோள் உயரத்திலும் ஒரு கண்ணி உண்டு. ஏற்பி முதலில் கணக்கிடுவது, பூமியின் வடிவத்தை ஒழுங்குபடுத்தி வரைந்த நீள்கோளத்திலிருந்து உயரம்; நிலப்படங்கள் சொல்வதோ கடல்மட்டத்திலிருந்து உயரம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும். உலகிலேயே கடல்மட்டம் நீள்கோளத்தைவிட மிகத் தாழ்ந்து கிடக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே பள்ளம் 100 மீட்டருக்கும் மேல். அதன் சரிவில் அமர்ந்திருப்பதால், ஏலகிரி போன்ற தென்னிந்தியத் தளங்களில் நீள்கோள உயரம் நிலப்படத்தைவிட 80 முதல் 100 மீட்டர் வரை குறைவாக இருக்கும். பறத்தல் தடம் பதிவாகும் ஐஜிசி கோப்பின் செந்தரமும் நீள்கோள உயரத்தையே கேட்கிறது. ஆகவே திரையில் சரியாக இருந்த உயரம், கோப்பைக் கணினியில் திறந்தபோது மலைக்குள் புதைந்திருந்தால் திகைக்க வேண்டாம். திரையிலேயே அப்படித் தெரிந்தால், கடல்மட்ட உயரம் என்ற தேர்வுக்கு அமைப்பை மாற்றுங்கள்.

மூன்றாவது, வான்வெளி எல்லைகளுக்கான உயரம். பறக்கத் தடையுள்ள பகுதிகளைக் குறிக்கும் வான்வெளிக் கோப்பில் ஒரு மேல்தளம் பறத்தல் நிலை என்று குறிக்கப்பட்டிருந்தால், அது 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடியாகக் கொண்ட அழுத்த உயரம், நூறு அடிகளின் அலகில். நீங்கள் புறப்பாட்டில் அமைத்த உயரத்தோடு அதை ஒப்பிடக் கூடாது. கருவி சரியாகவே எச்சரிக்க, நாம்தான் தவறு என்று அணைத்துவிடுவோம். எச்சரிக்கையே வரவில்லை என்றால் கோப்பு ஏற்றப்பட்டிருக்கிறதா, அதிலுள்ள எல்லைகள் இயக்கப்பட்டிருக்கின்றனவா, கோப்பு எந்த ஆண்டுக்குரியது என்று பாருங்கள்.

செயற்கைக்கோள் இணைப்பு கிடைக்கவில்லை

நெடுநாள் பைக்குள் கிடந்த கருவி, அல்லது சென்ற முறை ஐரோப்பாவில் அணைக்கப்பட்டு இன்று பீரில் இயக்கப்படும் கருவி, தன் தலைக்குமேல் எந்தச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன என்று அறியாது. ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பொதுப் பட்டியல் முழுதாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். ஜீப்பின் கூரைக்கடியிலோ தேவதாரு மரங்களின் கீழோ கருவியை இயக்கி இரண்டு நிமிடத்தில் பொறுமையிழப்பவர், அந்தப் பெறுதலை மீண்டும் மீண்டும் அறுத்துக்கொண்டிருக்கிறார். திறந்த வெளியில் வானைப் பார்த்து வைத்துவிட்டு இறக்கையை விரிக்கப் போங்கள்.

இணைப்பு வந்து வந்து போனால், ஒட்டிவைத்திருக்கும் அசைபடக் கேமராவையும் பவர் பேங்கையும் ஒரு சாண் தள்ளி வையுங்கள். மலிவான கம்பிகளும் கேமராக்களும் ஏற்பியின் அலைவரிசையில் இரைச்சலைக் கக்குவதுண்டு.

திசைமுள் சுழல்கிறது, காற்றின் வேகமும் மிதவை விகிதமும் நம்பத்தக்கதாக இல்லை

திசைகாட்டி இல்லாத கருவியில் முள் காட்டுவது நாம் நகரும் திசையை. நின்றால் அது சுழலத்தான் செய்யும். காற்றின் வேகத்தை, சுற்றும்போது ஒவ்வொரு திசையிலும் தரைவேகம் எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டு கருவி ஊகிக்கிறது. ஒன்றிரண்டு முழுச் சுற்றுகள் போடாமல் மலைமுகட்டை ஒட்டி முன்னும் பின்னும் பறப்பவருக்கு அந்த எண் பழையதாகவோ பொய்யாகவோ இருக்கும். எல்லாவற்றிலும் குறைவாக நம்பத்தக்கது மிதவை விகிதம். தரைவேகத்தை இறங்குவேகத்தால் வகுத்த விடை என்பதால், இறக்கம் இல்லாத நொடியில் அது முடிவிலிக்குப் பாயும், இறங்குகாற்றில் நான்குக்குச் சரியும். இதன் சராசரி நேரத்தை நீட்டிவைக்கலாம். பள்ளத்தாக்கைக் கடக்கும் முடிவை அதன்மேல் கட்டக் கூடாது.

போட்டிப் பணி நகரவில்லை, நேரம் அரைமணி பிசகுகிறது

முழு மணிகளாக மட்டுமே நேர வேறுபாட்டை ஏற்கும் பழைய மென்பொருள் இந்தியாவின் ஐந்தரை மணிக்குத் தடுமாறும். போட்டியின் தொடக்க வாயில் திறக்கும் நேரத்தில் இது நேரடியாகத் தண்டிக்கும் பிழை. பயிற்சி நாளிலேயே கைக்கடிகாரத்துடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

போட்டிப் பணி என்பது வரிசையாகத் தொட வேண்டிய வட்டங்களின் பட்டியல். அதில் ஒரு திருப்புமுனை வட்டத்துக்குள் போயும் கருவி அடுத்ததற்கு நகராவிட்டால், தொடக்க வட்டம் உள்நுழைவதற்கா வெளியேறுவதற்கா என்ற தேர்வைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். கையால் உள்ளிட்ட இலக்கு பல நூறு மீட்டர் தள்ளி விழுந்தால், பாகை, கலை, விகலை என்ற முறையில் எழுதப்பட்ட ஆயத்தொலைவுகளைப் பாகை, தசமக் கலை என்று கருவி எடுத்துக்கொண்டதா என்று சரிபாருங்கள்.

தடப் பதிவு இல்லை, அல்லது ஏற்கப்படவில்லை

பதிவு தானாகத் தொடங்குவதற்குக் கருவி ஒரு குறைந்த வேகத்தையோ உயர மாற்றத்தையோ எதிர்பார்க்கிறது. எதிர்காற்றில் முகட்டின்மேல் கிட்டத்தட்ட நின்றபடி மிதப்பவர் அந்த வரம்பைத் தொடாமலே போகலாம். ஐயம் இருந்தால் கையால் தொடங்குங்கள். பதிவு இடைவெளி 10 நொடி என்று இருந்தால், பின்காற்றில் நொடிக்கு 15 மீட்டர் போகும்போது இரு புள்ளிகளுக்கிடையே 150 மீட்டர். வட்டத்தின் ஓரத்தை உரசிச் சென்றது கோப்பில் இருக்காது. நினைவகம் போதுமானதாக இருக்கும்போது ஒரு நொடியே வையுங்கள்.

கோப்பைப் பார்வையிடும்போது, காலை 11.30 மணிக்குப் புறப்பட்டது 6 மணி என்று இருப்பது பிழையன்று. ஐஜிசி கோப்பில் நேரம் எப்போதும் உலகப் பொது நேரம். ஆங்கில எழுத்து ‘பி’யில் தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளி, அதன் நடுவே ‘ஏ’ இருந்தால் முழு இணைப்பு, ‘வி’ இருந்தால் ஏற்பி அந்த நொடியில் நம்பத்தக்க உயரத்தைத் தரவில்லை. இறுதியில் ‘ஜி’ வரிகளில் இருப்பது மின்னணு முத்திரை. யாரோ எண்ணைத் திருத்தினார்களா என்று சரிபார்ப்பதற்கான ஏற்பாடு என்பதால், உரைத்தொகுப்பியில் திறந்து ஒன்றும் மாற்றாமல் சேமித்தால்கூட, வரிமுடிவுகள் மாறி முத்திரை உடையலாம். பார்ப்பதானால் நகலைப் பாருங்கள்.

பழைய கருவியின் கோப்பு ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் முந்தைய தேதியுடன் வந்தால், அது ஜிபிஎஸ் வார எண்ணின் திருப்பம். வாரங்கள் 1,024 வரை எண்ணப்பட்டு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படி நடந்தது. தயாரிப்பாளர் புதிய மென்பொருள் வெளியிட்டிருந்தால் தீரும். இல்லையேல் அந்தக் கருவி இனி ஒலிக்கு மட்டுமே பயன்படும்.

கைப்பேசியுடன் புளூடூத் இணையவில்லை

குறைந்த ஆற்றல் புளூடூத் கொண்ட வேரியோவைக் கைப்பேசியின் பொது அமைப்பில் இணைக்க முயலாதீர்கள்; எக்ஸ்சிட்ராக் போன்ற பறத்தல் செயலிக்குள்ளிருந்தே தேடுங்கள். ஆண்ட்ராய்டு 11 வரையான பதிப்புகளில் இருப்பிட அனுமதி தராமல் அந்தத் தேடல் நடக்காது. இணைந்தும் எண்கள் வராவிட்டால், கருவி அனுப்பும் தரவு வடிவமும் செயலி எதிர்பார்ப்பதும் ஒன்றா என்று பாருங்கள். எல்கே8இஎக்ஸ்1, எல்எக்ஸ்டபிள்யூபி0 என்னும் இரண்டும் பரவலாகப் புழங்குபவை. இன்னொரு செயலி பின்னணியில் இணைப்பைப் பிடித்துவைத்திருப்பதும், பறந்து பத்து நிமிடத்தில் கைப்பேசியின் மின்சேமிப்பு செயலியைக் கொல்வதும் அடிக்கடி காண்பவை.

திரை கறுத்துப்போகிறது

முகம் திருப்பினால் தெரிகிறது என்றால் அது உங்கள் துருவமுனைப்புக் கண்ணாடி. கொளுத்தும் வெயிலில் காக்பிட்டின்மேல் கிடந்து முழுதும் கறுத்த திரவப்படிகத் திரை, நிழலில் ஆறியதும் பெரும்பாலும் மீளும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிளாஸ்டிக் பைச் சோதனையில் மௌனம் சாதிக்கும் கருவியையும், திறந்த வானின்கீழ் அரைமணி நேரமாகியும் ஒரு செயற்கைக்கோளைக்கூடக் காணாத கருவியையும் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டியதுதான். அனுப்பும்போது மென்பொருள் பதிப்பின் எண், குறை தோன்றிய பறத்தலின் திருத்தப்படாத ஐஜிசி கோப்பு, அப்போது இருந்த உயரம், குளிர், மழை பற்றிய இரண்டு வரிகள் ஆகியவற்றைச் சேர்த்தனுப்புங்கள். பெட்டியை நாமே திறந்தால் உத்தரவாதம் போவதோடு, துளையின் பின்னாலிருக்கும் அந்த நுரைப்பஞ்சும் தொலைந்துவிடும்.